மூன்று ரைடிங், ஒரு யார்க்‌ஷயர், அப்புறம் 1974

யார்க்‌ஷயர் (வட இங்கிலாந்தின் ஒரு கவுண்டி, நம்மூர் மாவட்டம் மாதிரி) பெரியவர்களிடம் 1974 என்று பேச்செடுத்தால் இன்றைக்கும் சூடு பறக்கும். அந்த வருடம் ஏப்ரல் 1 (முட்டாள்கள் தினம்தான், பொருத்தமான நாள் என்று அங்கே பலரும் சொல்வார்கள்) அன்று ஆயிரம் வருடத்துக்கு மேல் நிலைத்திருந்த அதன் மூன்று ரைடிங்குகளும் (அந்தக் கவுண்டியின் பெரும் பிரிவுகள்) ஒரே சட்டத்தில் நிர்வாக வரைபடத்திலிருந்து காணாமல் போயின. இந்தக் கோபத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதைவிட வேறொன்றுதான் உறுத்துகிறது. ரைடிங்குக்குக் கீழே வாப்பன்டேக் என்று ஓர் அடுக்கு இருந்ததே, அதுவும் அதே அளவு பழையதுதான், அது போனபோது ஒருத்தரும் மூச்சுக்கூட விடவில்லை. ஏன்?

முதலில் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் பழைய கவுண்டிகளிலேயே பெரியது யார்க்‌ஷயர், சுமார் 6,000 சதுர மைல். 866-இல் டேனிஷ் படை யார்க் நகரத்தைப் பிடித்தது, பத்து வருடம் கழித்து 876-இல் அதன் தலைவன் ஹாஃப்டான் சுற்றியிருந்த நிலத்தைத் தன் ஆட்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்தான், அவர்கள் வாளை வைத்துவிட்டு ஏர் பிடித்தார்கள். அந்த ஸ்காண்டிநேவியர்கள் விட்டுப்போன ஏற்பாடுதான் வடக்கு, கிழக்கு, மேற்கு என்ற மூன்று ரைடிங்குகள். ரைடிங் என்றாலே மூன்றில் ஒரு பங்கு, அதனால் நான்காவதாகத் தெற்கு ரைடிங் என்ற பேச்சுக்கே இடமில்லை. (ஹம்பர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் லிங்கன்‌ஷயரின் லிண்ட்ஸி பகுதியிலும் மூன்று ரைடிங்குகள் உண்டு, அங்கே தெற்கு இருக்கிறது, கிழக்கு இல்லை.) எல்லைகளைப் பெரும்பாலும் ஆறுகளே பார்த்துக்கொண்டன. வடக்குக்கும் கிழக்குக்கும் நடுவே டெர்வென்ட், மேற்குக்கும் கிழக்குக்கும் நடுவே ஊஸ், வடக்கே டர்ஹம் பக்கம் டீஸ். மூன்று ரைடிங்குகளும் வந்து சேரும் இடத்தில் யார்க் நகரம், அது எந்த ரைடிங்கிலும் சேராமல் தனியாக நின்றது.

இப்போது வாப்பன்டேக். தெற்கு இங்கிலாந்தில் ஹண்ட்ரட் என்று சொன்னதை டேனியர்கள் குடியேறிய வடக்கில் இப்படிச் சொன்னார்கள், ஏறக்குறைய ஒரு தாலுகா அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் ஒரு முடிவுக்குச் சம்மதம் என்றால் ஆயுதத்தைத் தூக்கிக் காட்டுவார்கள் என்பது பெயருக்குப் பின்னால் இருக்கும் கதை. 1086-இல் எடுத்த டூம்ஸ்டே நிலக் கணக்கெடுப்பிலேயே வாப்பன்டேக்குகள் வந்துவிட்டன. இவற்றின் பெயர்களைச் சும்மா வாசித்தாலே எனக்குச் சந்தோஷமாக இருக்கும்: ஸ்ட்ராஃபர்த் அண்ட் டிக்ஹில், ஆஸ்கோல்ட்கிராஸ், பார்க்ஸ்டன் ஆஷ், ஹாலிகெல்ட், பிக்கரிங் லித், பக்ரோஸ். கவனித்தால் கிராஸ், ஆஷ் என்று நிறைய முடிகின்றன. கட்டடம் எதுவும் கிடையாது, ஊருக்குத் தெரிந்த ஒரு சிலுவைக் கல்லோ மரமோதான் கூடும் இடம்.

லீட்ஸை ஒட்டிய ஸ்கைராக் வாப்பன்டேக் ஒரு ஓக் மரத்தின் பெயரால் வந்தது. ஹெடிங்லியில் நின்ற ஒரு பெரிய கிழட்டு ஓக்தான் அது என்று உள்ளூரில் காலங்காலமாகச் சொல்லி வந்தார்கள். மரம் 1941-இல் விழுந்துவிட்டது. இப்போது அந்த இடத்தில் எதிரெதிரே இரண்டு பப்கள், ஒன்றின் பெயர் ஸ்கைராக், இன்னொன்று ஒரிஜினல் ஓக். பக்கத்திலேயே கிரிக்கெட் மைதானம், டெஸ்ட் மேட்ச் நாட்களில் இரண்டிலும் கால் வைக்க இடம் இருக்காது. ஒரு பழைய வாப்பன்டேக் நீதிமன்றத்தின் பெயரில் பீர் குடிக்கிறோம் என்று அங்கே எத்தனை பேர் யோசிப்பார்கள்?

வரி வசூல், சிறு வழக்கு, ஆள் திரட்டுவது எல்லாம் ஒரு காலத்தில் வாப்பன்டேக்கின் வேலை. அப்புறம் ஒவ்வொன்றாகக் கைமாறியது. கொஞ்சம் அமைதி நீதிபதிகளிடம் (உள்ளூர் மாஜிஸ்திரேட்டுகள்) போனது, கொஞ்சம் பாரிஷ்களுக்கு (தேவாலயத்தை ஒட்டிய ஊர்ப் பிரிவுகள்), 1834-க்குப் பிறகு ஏழைகளைப் பார்ப்பதற்குப் பல பாரிஷ்கள் சேர்ந்த தனி யூனியன்கள் வந்தன, 1846 சட்டத்தால் சிறு கடன் வழக்குகளுக்குப் புதிய கவுண்டி நீதிமன்றங்கள் வந்தன. கடைசியில் பெயர்ப்பலகை மட்டும்தான் மிச்சம். இந்தத் தேதியோடு கலைக்கப்பட்டது என்று சொல்ல ஒரு நாள்கூட இல்லாதபோது யார், எப்போது, எதை எதிர்த்துக் கொடி பிடிப்பது?

ரைடிங்குகள் விஷயத்தில் நடந்தது நேர்மாறு, காலம் போகப் போக அவற்றுக்கு வேலை கூடிக்கொண்டே போனது. ஒவ்வொரு ரைடிங்குக்கும் தனி நீதி அமர்வுகள், 1660 முதல் தனித்தனி லார்ட் லெப்டினன்ட் (அரசரின் பிரதிநிதி). எனக்கு மிகவும் பிடித்தது பத்திரப் பதிவகங்கள். 1704-இல் மேற்கு ரைடிங்குக்காக வேக்ஃபீல்டில் ஒன்று, 1708-இல் கிழக்குக்கு பெவர்லியில், 1736-இல் வடக்குக்கு நார்த்அலர்டனில். அப்போது இங்கிலாந்தின் பெரும்பகுதியில் அப்படி ஒரு வசதியே கிடையாது. மேற்கு ரைடிங்கில் அது முதலில் வந்ததற்குக் காரணம் கம்பளித் துணி வியாபாரம். அங்கே துணி வியாபாரிகள் பலருக்குச் சொந்த நிலம் இருந்தது, அதை வைத்துக் கடன் வாங்கித் தொழில் நடத்தினார்கள், ஆனால் நிலத்தில் ஏற்கனவே வில்லங்கம் இருக்கிறதா என்று கடன் கொடுப்பவனுக்குப் பார்க்க வழியில்லை. அதனால் பத்திரத்தின் சாரத்தைப் பதிவகத்தில் பெரிய பெரிய புத்தகங்களில் எழுதி வைத்தார்கள். வீட்டையும் வயலையும் பற்றிய காகிதம் ஒரு அலுவலகத்தில் இருக்கிறது என்றால் அந்த அலுவலகத்தின் பெயரை எவனும் மறக்க மாட்டான். 1889-இல் மூன்றுக்கும் தனித்தனி கவுண்டி கவுன்சில்களும் வந்தன, அதே மூன்று ஊர்களில்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். முழு யார்க்‌ஷயருக்கும் சேர்த்து ஒரே கவுன்சில் என்று ஒன்று அப்போதும் இல்லை. மனசுக்கு யார்க்‌ஷயர், வேலைக்கு ரைடிங், அவ்வளவுதான் ஏற்பாடு. 1974-இல் விழுந்த அடி ரைடிங் மேல், வலித்தது யார்க்‌ஷயருக்கு.

அடியும் சாதாரண அடி இல்லை. செட்பர்க் கம்ப்ரியாவுக்குப் போனது, பார்னோல்ட்ஸ்விக் பரம வைரியான லங்காஷயருக்கு, சாடில்வொர்த் கிரேட்டர் மான்செஸ்டருக்கு. இருப்பதிலேயே பெரிய கூத்து ஹம்பர்சைட். கிழக்கு ரைடிங்கின் பெரும்பகுதியையும் ஆற்றுக்கு அக்கரையில் இருந்த லிங்கன்‌ஷயரின் வடபகுதியையும் ஒட்டி ஒரே கவுண்டி ஆக்கினார்கள், ஆனால் ஹம்பர் பாலம் திறந்ததே 1981-இல்தான். ஏழு வருடம் ஒரு கவுண்டியின் இரண்டு பாதிகளுக்கு நடுவே படகு, இல்லாவிட்டால் மேற்கே வெகுதூரம் சுற்றிப் போகும் சாலை. 1996-இல் ஹம்பர்சைட்டைக் கலைத்து கிழக்கு ரைடிங் என்ற பெயரைத் திரும்பக் கொண்டுவந்தார்கள், அதையாவது ஒழுங்காகச் செய்தார்களா என்றால் அதுவும் இல்லை. மேற்கு ரைடிங்கில் இருந்த கூல் என்ற ஊர் உள்ளே, கிழக்கின் மிகப் பெரிய நகரமான ஹல் தனி, பழைய கிழக்கு ரைடிங்கின் ஃபைலி வடக்கு யார்க்‌ஷயரில். போலீஸுக்கு மட்டும் இன்றுவரை ஹம்பர்சைட் போலீஸ் என்றே பெயர்.

எதிர்ப்பும் சும்மா இல்லை. 1975 ஆகஸ்ட் 1 அன்று யார்க்‌ஷயர் ரைடிங்ஸ் சங்கம் பெவர்லியில் முதல் யார்க்‌ஷயர் தினத்தைக் கொண்டாடியது. யார்க்‌ஷயர் என்றால் மூன்று ரைடிங்குகளும் யார்க் நகரமும்தான் என்று ஒரு பிரகடனம் வாசிப்பார்கள், இந்த எல்லைகளுக்கு வயது 1100 வருடம் என்று அதில் ஆரம்பித்தார்கள், ஒவ்வொரு வருடமும் அந்த எண்ணில் ஒன்று கூடும்.

கிரிக்கெட்டோ 1974-ஐ ஏறெடுத்தே பார்க்கவில்லை. பழைய எல்லைக்குள் பிறந்தவர்தான் யார்க்‌ஷயர் அணிக்கு ஆட முடியும் என்ற வழக்கம் 1992 வரை ஓடியது. அதை உடைத்து அணியின் முதல் வெளிநாட்டு வீரராக வந்தவர், நம்புங்கள், 19 வயது சச்சின் டெண்டுல்கர். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த அணியின் புகழ்பெற்ற பழைய கேப்டன் லார்ட் ஹாக் பிறந்ததே லிங்கன்‌ஷயரில். பிரபு என்றால் எல்லை கொஞ்சம் நெளியும் போல.

யார்க்‌ஷயர் முழுவதற்கும் ஒரே அமைப்பு வேண்டும் என்று அங்குள்ள கவுன்சில்களில் பெரும்பாலானவை சேர்ந்து கேட்டுப் பார்த்தன, 2019-இல் அரசாங்கம் முடியாது என்றுவிட்டது. அதற்குப் பதிலாக இப்போது தெற்கு, மேற்கு, யார்க்குடன் சேர்ந்த வடக்கு, ஹல்லுடன் சேர்ந்த கிழக்கு என்று நான்கு மேயர்கள். ரைடிங்காக இல்லாவிட்டாலும் தெற்கும் ஒரு வழியாக வந்து உட்கார்ந்துவிட்டது, கூல் இன்னமும் கிழக்கில்தான்.