வேண்டிய ஆகாரமா, அன்றாட உணவா?

கல்யாணமாகிப் பதினோரு வருஷம் ஆகிறது. மாமியார் வீட்டு ராத்திரி செபத்தில், இயேசு கற்றுக்கொடுத்த ஜெபத்தைச் சொல்லும்போது, இன்னமும் ஒரே இடத்தில்தான் எனக்கு நாக்கு தடுக்கும். நான் சிஎஸ்ஐ, அதாவது புராட்டஸ்டண்ட் வீட்டுப் பெண். "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்று வாய் தானாக ஓடும். அவர்கள் கத்தோலிக்கர்கள், "எங்கள் அன்றாட உணவை" என்பார்கள். பிதா தந்தையாவதெல்லாம் பழகிவிட்டது. ஆனால் வேண்டியது வேறு, அன்றாடம் வேறு இல்லையா?

மூலத்தில் என்னதான் இருக்கிறது என்று தேடிப் போனேன். 'வேண்டிய', 'அன்றாட' என்று நாங்கள் சொல்லும் இடத்தில் கிரேக்கத்தில் இருப்பது எபியூசியோஸ். கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் மத்தேயு, லூக்கா இரண்டிலும் இந்த ஜெபத்தில் மட்டும் வருகிற சொல். கிரேக்கத்திலேயே எழுதிய ஓரிஜன் என்ற கிறிஸ்தவ அறிஞர் 3-ம் நூற்றாண்டில் கையை விரித்துவிட்டார்: புலவர்களும் எழுதவில்லை, ஜனங்களும் பேசுவதில்லை, சுவிசேஷகர்களே உண்டாக்கிய சொல் போலிருக்கிறது என்று. ஜெரோமின் லத்தீன் பைபிளில் கூத்து இன்னும் பெரிது. லூக்காவில் 'தினசரி' அப்பம்; மத்தேயுவில் அதே சொல்லுக்கு 'பொருளுக்கெல்லாம் மேலான' அப்பம்!

எனக்கு மிகவும் பிடித்தது ஒரு பாப்பிரஸ், அதாவது நாணல் ஏட்டின் கதைதான். எகிப்தில் ஹவாரா என்ற இடத்தில் கிடைத்த ஒரு செலவுக் கணக்கு 1889-ல் அச்சானது. அதில் இந்தச் சொல்லின் பாதி இருப்பதாகப் படித்தார்கள். மளிகைச் சீட்டிலேயே இருக்கிறதே, அப்படியானால் தினப்படி ரேஷன்தான் என்று பலர் வாதாடினார்கள். அப்புறம் அந்த ஏடே காணாமல் போயிற்று. நூறு வருஷம் கழித்து யேல் பல்கலைக்கழகத்தில் அகப்பட்டது. எடுத்துத் திரும்பப் படித்தவர்கள் 1999-ல் எழுதினார்கள்: அங்கே இருப்பது 'எண்ணெய்'. அவ்வளவுதான். இருந்த ஒரே சாட்சியும் எண்ணெயாகப் போயிற்று.

என் ஓட்டு மூன்றாவது அர்த்தத்துக்கு: நாளைக்கான அப்பம். அப்போஸ்தலர் 16:11-ல் பவுல் "மறுநாளிலே" நெயாப்போலிக்குப் போகிறாரே, அங்கே கிரேக்கத்தில் எபியூசா. எபியூசியோஸுக்குப் பக்கத்து வீட்டுச் சொல். எபிரெயர் சுவிசேஷம் என்ற பழைய நூலில் இந்த இடத்தில் 'மாஹார்', அதாவது நாளை, என்று இருந்ததாக ஜெரோமே குறித்திருக்கிறார். கூலிக்குப் போகிறவனுக்கு நாளைக்கு அரிசி இருக்கிறது என்று தெரிந்தால்தானே ராத்திரி தூக்கம் வரும்?

நேற்று இதை அத்தையிடம் சொன்னேன். "நாளைக்கு உள்ளத இன்னைக்கே கேட்டா பேராசை இல்லையாம்மா?" என்றார். காலை அப்பத்துக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தார்.