சாலிட்ஒர்க்ஸ் தேர்வில் வளைய ஸ்பிரிங் கேட்டால்

டிசைன் வேலைக்கான முதல் இன்டர்வியூவில் ஒன்றரை மணி நேரத்துக்கு மூன்று டிராயிங் கொடுத்து, சாலிட்ஒர்க்ஸ் என்ற முப்பரிமாண டிசைன் மென்பொருளில் உருவாக்கச் சொன்னார்கள். இரண்டு பிராக்கெட்டுகளையும் சீக்கிரமே முடித்துவிட்டேன். மூன்றாவது, எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஆயில் சீலின் உதட்டை ஷாஃப்டோடு இறுக்கிப் பிடிக்குமே, அந்த வளைய ஸ்பிரிங். சுருள் கோடு போடும் ஹெலிக்ஸ் கட்டளை நேரான அச்சைத்தான் சுற்றும். அதில் செய்த நேர் ஸ்பிரிங்கை ஃப்ளெக்ஸ் என்ற வளைக்கும் கட்டளை கொண்டு வளைத்துப் பார்த்தேன். இரண்டு முனைகளும் ஒட்டவே இல்லை. நேரம் முடிந்தது, வேலையும் கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து ஒரு பழைய ஆயில் சீலைப் பிரித்து, அந்த ஸ்பிரிங்கை வெளியே எடுத்துப் பார்த்தேன். கம்பியை மறந்துவிட்டு அதன் நடுக்கோட்டை மட்டும் விரலால் தொடர்ந்தபோதுதான் வழி பிடிபட்டது. ஒரு புள்ளி, வட்டப் பாதையில் நகர்ந்துகொண்டே அந்தப் பாதையையும் சுற்றி வருகிறது. அந்தப் புள்ளி போகும் தடம் கிடைத்துவிட்டால் மீதி வேலை ஸ்வீப்தான், அதாவது ஒரு வடிவத்தை ஒரு பாதை வழியே ஓட்டி உருவம் எடுப்பது.

சாலிட்ஒர்க்ஸில் இப்படிச் செய்யுங்கள். 40 மி.மீ. விட்டத்தில் ஒரு வட்டம் வரையுங்கள், அதுதான் பாதை. அதற்குச் செங்குத்தான தளத்தில், பாதையில் தொடங்கும் 3 மி.மீ. நீளக் கோடு ஒன்று. இந்தக் கோட்டை ஸ்வெப்ட் சர்ஃபேஸாக ஓட்டி, ட்விஸ்ட் வேல்யூவில் 60 சுற்று கொடுங்கள். முறுக்கிய ரிப்பன் மாதிரி ஒரு பரப்பு வரும். அதன் வெளி விளிம்புதான் நாம் தேடிய தடம். அந்த விளிம்பைப் பாதையாக எடுத்து, சர்க்குலர் புரொஃபைலில் 1.5 மி.மீ. விட்டம் கொடுத்து ஸ்வீப் செய்துவிட்டு, பரப்பை மறைத்துவிடுங்கள். சுற்று எண்ணிக்கை முழு எண்ணாக இருக்கட்டும், 60.5 என்று போட்டால் தொடக்கமும் முடிவும் சேராது.

இங்கே பலரும் தவறவிடும் ஒரு விஷயம் உண்டு. டிராயிங்கில் பெரும்பாலும் சுருளின் வெளிவிட்டத்தைத்தான் கொடுப்பார்கள். கம்பி விட்டத்தைக் கழித்து, வருவதில் பாதியைக் கோட்டின் நீளமாக வையுங்கள். வெளிவிட்டம் 7.5, கம்பி 1.5 என்றால் மீதி 6. அதில் பாதி 3.

நீள்சதுர ஸ்பிரிங் வந்தாலும் இதே யோசனைதான். நேர்க்கோட்டுப் பாதையில் முறுக்கிய ஒரு பரப்பு, மூலை உருட்டிய செவ்வகக் குழாயாக இன்னொரு பரப்பு. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் இன்டர்செக்‌ஷன் கர்வ் எடுங்கள். மூலையின் ஆரம் கம்பியின் ஆரத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஸ்வீப் எர்ரர் காட்டும். இந்த முறையில் சரிவு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. நீளப் பக்கத்தின் நடுவில் கொஞ்சம் செங்குத்தாக ஏறும். தேர்வுக்கு இது போதும், ஆனால் உற்பத்திக்கு இப்படியே அனுப்பக் கூடாது. இடுப்பு சிறுத்த ஸ்பிரிங்குக்கு இப்படிச் சுற்றிவளைக்க வேண்டாம். ஹெலிக்ஸிலேயே, சுருள் இடைவெளியை இடத்துக்கு இடம் மாற்ற உதவும் வேரியபிள் பிட்ச் அட்டவணையில் விட்டத்தை மாற்றிக்கொண்டே போகலாம்.

அடுத்த இன்டர்வியூவுக்குப் போவதற்குள் இதைப் பத்துப் பன்னிரண்டு முறையாவது கண்ணை மூடிக்கொண்டு செய்யும் அளவுக்குப் பழகியிருந்தேன். அங்கேயும் வளைய ஸ்பிரிங்தான். முடித்துக் காட்டியதும் தேர்வு வைத்தவர், "சரி தம்பி, 60 சுற்றை 75 ஆக்குங்க" என்றார். நான் மவுஸைத் தொடவில்லை. "சார், சுருள்கள் உள்பக்கம்தான் நெருங்கும். அங்கே 40இல் இரண்டு பக்கமும் 3 போக விட்டம் 34, சுற்றளவு சுமார் 107. அதைக் கம்பி விட்டம் 1.5 ஆல் வகுத்தால் 71தான் வரும். அதுக்கு மேல் போனால் கம்பி கம்பிக்குள்ளே நுழைஞ்சிடும்" என்றேன். அவர் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "அப்போ கம்பியை எவ்வளவு மெலிசாக்கணும்?" என்று கேட்டார். நான் பேப்பரை எடுத்து 107ஐ 75ஆல் வகுக்க ஆரம்பித்தேன்.