ஒத்திகையில் உண்மை பேசியவன்

கொலம்பஸுக்கு வந்த புதிதில் யாராவது அமெரிக்க ஃபுட்பாலை மனதில் வைத்து "ஃபுட்பால்" என்றால் நான் மெஸ்ஸியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவேன். அந்த ஃபுட்பாலுக்குப் பேர்போன ஓஹயோ ஸ்டேட் பல்கலைக்கழகம் இருக்கிற ஊரில் அது பழனி அடிவாரத்தில் நின்று பிரியாணிக் கடைக்கு வழி கேட்கிற மாதிரி. நாலு வருஷத்தில் திருந்தி, ஆபீஸ் ஃபேன்டஸி லீகில் பன்னிரண்டாவது ஆளாகச் சேர்ந்தேன்.

டிரீம் 11 ஆடியவர்களுக்குப் பாதி புரிந்துவிடும். நாம் எடுத்த ஆள் ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் ஒரு பந்தைப் பிடித்தால் 1 புள்ளி, 10 கெஜம் போனால் இன்னொரு 1, பந்தோடு எல்லைக் கோட்டைத் தாண்டுகிற டச் டவுன் என்றால் 6. ஆனால் எங்கள் லீகில் மேட்சுக்கு மேட்ச் டீம் மாற்றுகிற பேச்சே கிடையாது. எடுத்தவரை நாமாக விடும்வரை வருஷக்கணக்கில் வைத்துக்கொண்டிருக்க வேண்டும். அதனால் ஏப்ரலில், என்எஃப்எல் என்கிற தொழில்முறை லீகின் டீம்கள் கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கிற டிராஃப்ட் முடிந்ததும், கல்லூரியிலிருந்து வருகிற ரூக்கிகளை 12 பேரும் 4 ரவுண்டில் பங்கு போட்டுக்கொள்வோம். அதற்கு ஒரு வாரம் முன்னால் மாக் டிராஃப்ட். சும்மா ஒத்திகை, கணக்கில் சேராது.

2024 மே மாதம். ஆள் எடுக்கிற வரிசையில் எனக்கு 7-வது இடம். அம்மா அப்போதுதான் ஊரிலிருந்து வந்திருந்தார். ஜூம் காலில் நான் உட்கார, பக்கத்து சோபாவில் பீன்ஸ் நறுக்கியபடி அவர்.

"என்னடா இது, மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி உயரம், எடை, போட்டோ எல்லாம் வெச்சிருக்க?"

"கையையும் அளப்பாங்கம்மா. கட்டை விரல் நுனியிலேர்ந்து சுண்டு விரல் நுனி வரைக்கும்."

"சாண்னு சொல்லு."

உண்மைதான். இத்தனை கோடி டாலர் புரளும் விளையாட்டில், பந்து வீசுகிற குவார்ட்டர்பேக்கின் சாண் ஒன்பது அங்குலமா, ஒன்பதரையா என்று பட்டிமன்றம் நடக்கும். 2020-ல் ஜோ பர்ரோவுக்கு ஒன்பது என்று வந்தபோது, இந்தக் குட்டிக் கையை வைத்துக்கொண்டு ஓய்வு பெற்றுவிடலாமா என்று அவரே கிண்டலடித்தார். அந்த வருஷ டிராஃப்டில் முதல் ஆளாகப் போனது அவர்தான்.

மாக் ஆரம்பித்தது. முதல் இடம் மேனேஜருக்கு. மார்வின் ஹாரிசன் ஜூனியரை எடுத்தார். ஓஹயோ ஸ்டேட் பையன், அப்பா ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்ற பழைய ஜாம்பவான்.

"பையன் எவ்வளவு வேகம்?" என்றார் அம்மா.

"ஓடிக் காட்டவே இல்லம்மா. டிராஃப்டுக்கு முன்னாடி வேகம் பார்க்கிற 40 கெஜ ஓட்டத்துக்கு வரமாட்டேன்னுட்டான்."

"பெரிய இடத்துப் பிள்ளை. வரமாட்டாங்க."

அடுத்து சேவியர் வொர்தி பெயர் வந்தது. 40 கெஜத்தை 4.21 விநாடியில் ஓடி, ஜான் ராஸின் 4.22 சாதனையை உடைத்தவர். நான் சிலிர்ப்போடு சொல்ல, அம்மா பீன்ஸிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அவ்வளவு வேகமா ஓடுறவன் மண்டபத்துலேர்ந்தே ஓடிடுவான். வேற பாரு." இத்தனைக்கும் ஜான் ராஸ் அந்த ஓட்டத்தால் 9-வது ஆளாக எடுக்கப்பட்டு, பிறகு தேறவே இல்லை என்பது அம்மாவுக்குத் தெரியாது.

என் முறை வந்தது. மூன்று வாரம் தூங்காமல் வீடியோ பார்த்தவன், விடுவேனா? பிரையன் தாமஸ் ஜூனியரை எடுத்தேன். எடுத்ததோடு வாயை மூடியிருக்கலாம். மைக்கை ஆன் செய்து, எல்எஸ்யூவில், அதாவது லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில், எல்லோரும் கூட ஆடிய மாலிக் நேபர்ஸையே பார்த்தார்கள், 17 டச் டவுன் போட்டது இந்தப் பையன் என்று ஐந்து நிமிஷம் உபன்யாசம். இரண்டாம் ரவுண்டில் லாட் மெக்கான்கி, அதற்கொரு விளக்கவுரை. மூன்றாம் ரவுண்டில் பக்கி இர்விங். குள்ளம், வேகமும் சுமார், அதனால்தான் நாலாம் ரவுண்டு வரை என்எஃப்எல் டீம்கள் விட்டார்கள், ஆனால் இவரைப் பிடித்து நிறுத்த முடியாது பாருங்கள் என்று ஸ்லைடு போடாத குறை. எனக்கு முன்னால் 6-வது இடத்தில் இருந்த பக்கத்து கியூபிக்கிள்காரர் மட்டும் "இன்ட்ரஸ்டிங்" என்று மூன்று முறை சொன்னார். அவர் எதையோ எழுதிக்கொண்டிருந்ததும் தெரிந்தது. ஷாப்பிங் லிஸ்ட் என்று நினைத்தேன்.

கால் முடிந்ததும் அம்மா கேட்டார்: "ஏண்டா, நிலம் வாங்கப் போறவன் எந்த நிலம்னு ஊரெல்லாம் தமுக்கடிப்பானா?"

"இது ஒத்திகைதாம்மா."

"அவங்களுக்கும் ஒத்திகைதானா?"

ஒரு வாரம் கழித்து நிஜ டிராஃப்ட். 6-வது இடத்துக்காரர் பிரையன் தாமஸ் ஜூனியர் என்றார். எனக்குக் காது அடைத்தது. பதற்றத்தில் ஜோனதன் ப்ரூக்ஸை எடுத்தேன். அந்த வருஷம் என்எஃப்எல் டிராஃப்டில் போன முதல் ரன்னிங் பேக், அதாவது பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர், கல்லூரியிலேயே முட்டி ஜவ்வு கிழிந்து ஆபரேஷன் ஆனவர். இரண்டாம் ரவுண்டில் அதே மனிதர் மெக்கான்கி என்றார். மூன்றாம் ரவுண்டில் இர்விங் என்றபோது, நான் மாக்கில் சொன்ன காரணத்தையும் வரி மாறாமல் சொன்னார். எனக்கு எதிரிலேயே, எனக்கே.

நாலாம் ரவுண்டுக்குள் நான் பித்துப்பிடித்தவன். கடிகாரம் முப்பது விநாடி என்று சிவப்பில் துடித்தது. அம்மா எட்டிப் பார்த்தார். "இவன் யாரு?"

"டைரோன் ட்ரேசி. ஆறு வருஷம் காலேஜ்ல இருந்தவன்."

"ஆறு வருஷமா? அரியர் வெச்சிருந்தானா?"

"இல்லம்மா. முதல்ல பந்து பிடிக்கிற வேலை. அப்புறம் வேற காலேஜ் போய், பந்தைத் தூக்கிட்டு ஓடுற வேலை கத்துக்கிட்டான்."

"ரெண்டு தொழில் தெரிஞ்சவன். அரிசி மூட்டை காலியாகாது. எடு."

எடுத்தேன். ஜூமில் சிலர் சிரித்தார்கள்.

சீசன் முடிந்தபோது பிரையன் தாமஸ் 1,282 கெஜம், 10 டச் டவுன். மெக்கான்கி ஆயிரத்தைத் தாண்டினார், இர்விங்கும் தாண்டினார். பக்கத்து கியூபிக்கிள்காரர் லீக் வெற்றிக் கோப்பையை மானிட்டர் பக்கத்தில் வைத்திருக்கிறார். நான் டீ எடுக்கப் போகிற வழி அது. என் ப்ரூக்ஸ் மூன்று ஆட்டம் ஆடி, அதே முட்டியில் மறுபடி அடிபட்டு உட்கார்ந்தார். 166-வது ஆளாக நியூயார்க் ஜயன்ட்ஸ் டீமுக்குப் போன ட்ரேசி மட்டும் 839 கெஜம் ஓடி என் மானத்தை இடுப்பில் நிறுத்தினார்.

2025 ஏப்ரலில் ஜயன்ட்ஸ் கேம் ஸ்காட்டபோ என்ற இன்னொரு ரன்னிங் பேக்கை எடுத்துவிட்டது. அம்மாவிடம் போனில் புலம்பினேன். "அந்த அரியர் பையன் வேலைக்கே ஆபத்தும்மா."

"அவனுக்கென்னடா, மூணாவது தொழில் கத்துக்குவான். நீ இந்த வாட்டி மைக்கை ஆஃப் பண்ணிட்டு உட்காரு."