விடுபட்ட மாகாணம்

பிரெஞ்சு இசையமைப்பாளர் தாரியுஸ் மியோவின் 'ஸ்வீட் பிரான்சேஸ்' படைப்பை எங்கள் பள்ளிப் பேண்ட் வாசித்தபோது, அதன் நான்காம் பகுதியான 'அல்சாஸ்-லொரேன்' வேண்டாம் என்று முடிவெடுத்தவன் நான். அதற்கான காரணங்கள் இன்றும் எனக்குச் சரியாகவே படுகின்றன. எங்களுக்குக் கொடுத்திருந்த நேரத்தில் ஐந்து பகுதிகளும் அடங்காது. தவிர, விரைந்தோடும் நடன மெட்டில் சிறு பிசகு காதில் தங்காது. மெதுவாக நகரும் இந்தப் பகுதியிலோ, நீண்ட சுரத்தைப் பிடித்திருக்கும் ஹார்ன் மாணவனின் மூச்சு தளர்ந்ததும் சுருதி இறங்குவது அரங்கம் முழுவதற்கும் கேட்டுவிடும். அரைகுறையாக வாசிப்பதைவிட வாசிக்காமல் இருப்பதே மரியாதை என்று எண்ணினேன்.

ஒத்திகை முடிந்து பிள்ளைகள் கருவிகளைத் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தபோது, ஓபோ வாசிக்கும் மாணவி வந்து, அப்படியானால் அந்த ஒரு மாகாணத்தை மட்டும் மீட்காமல் விட்டுவிடுகிறோமா என்று கேட்டாள். இது இசை, போர் வரைபடம் அல்ல என்றேன். அவள் மறுத்துப் பேசவில்லை.

ஆனால் அப்படிக் கேட்பதற்கான செய்திகளை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். யூதரான மியோ, இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி படையெடுத்த 1940இல் பிரான்சை விட்டு வெளியேறி, கலிபோர்னியாவின் மில்ஸ் கல்லூரியில் கற்பித்தபடியே 1944இல் இதை எழுதினார். நேச நாட்டுப் படைகளும் தலைமறைவுப் போராளிகளும் பிரான்சின் விடுதலைக்காகப் போரிட்ட ஐந்து மாகாணங்களின் பெயர்களையே பகுதிகளுக்குச் சூட்டினார். தந்தையரும் தமையன்மாரும் போரிட்ட மண்ணின் நாட்டுப்பாடல்களை அமெரிக்கப் பிள்ளைகள் கேட்க வேண்டும் என்பதே அவர் விருப்பம். இவ்வளவையும் சொல்லிவிட்டு, வரைபடம் அல்ல என்று எப்படிச் சொன்னேன்?

ஒவ்வொரு பகுதியும் தனித்து நிற்கக்கூடியது, நாட்டுப்பாடல்கள் இப்படி வரிசையாகப் பாடப்பட்டவையும் அல்ல என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அது உண்மைதான். ஆனால் 1871 முதல் 1918 வரை ஜெர்மனியின் கையில் இருந்து, 1940இல் மீண்டும் பறிபோன நிலம் அல்சாஸ். அங்குள்ள ஸ்ட்ராஸ்பூர் நகரம் 1944 நவம்பரில் மீண்ட பிறகும், கொல்மார் வட்டாரத்தில் மறு ஆண்டு பிப்ரவரி வரை சண்டை நடந்தது. அவர் எழுதிய ஆண்டு முடிந்தபோதும் அங்கே போர் முடியவில்லை. கனத்துத் தொடங்கி இறுதியில் பேண்ட் முழுவதும் சேர்ந்து எழும்பும் அந்த முழக்கத்தை அவர் எந்த நம்பிக்கையில் எழுதினாரோ! ஹார்ன் மாணவனின் மூச்சைக் காரணம் காட்டி நான் நீக்கியது அதைத்தான்.

இந்த ஆண்டும் அதே படைப்பு, அதே நேர வரம்பு. முதல் வாரத்திலேயே அல்சாஸை ஒத்திகைக்கு எடுத்துவிட்டேன். இப்போது எதை நீக்குவது? மற்ற நான்கு பகுதிகளில் இல்-த-பிரான்ஸ் இரண்டு நிமிடம்கூட வராது. அதை நீக்கிப் பயனில்லை. ப்ரோவான்ஸ் அவர் வளர்ந்த மண். நார்மண்டி, படைகள் முதலில் கரையிறங்கிய இடம். மிஞ்சுவது பிரிட்டனி ஒன்றுதான். இன்னும் மாணவர்களிடம் சொல்லவில்லை.