திடலோரக் கரிசலாங்கண்ணி

நம் பள்ளித் திடலில் பந்து உருண்டுபோய் விழும் லோங்காங் (வடிகால்) ஓரத்தை, எந்த ஊரில் குடியேறியிருந்தாலும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மழை விட்டால் அங்கே முதலில் தழைப்பது கரிசலாங்கண்ணிதான். அறிவியல் ஆசிரியர் ஒரு பூவைக் கிள்ளிக் காட்டி, "இதில் எத்தனை பூ?" என்று கேட்பார். ஒன்று என்று சொன்னால் பூதக்கண்ணாடி கைக்கு வரும்.

சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய அந்த ஒரு தலைக்குள் பல பூக்கள் நெருங்கியிருக்கும். விளிம்பில் இரு வரிசையாக நிற்கும் வெள்ளை இழைகள் ஒவ்வொன்றும் ஒரு பெண்பூ. நடுவில் இருப்பவை நான்கு பற்கள் கொண்ட குழல்பூக்கள்; அவை இருபால். வெள்ளை இழைகள் உதிர்ந்தபின் பச்சைப் பொத்தான் மிஞ்சும். முற்றினால் கறுத்து, கரடுமுரடான விதைகளாக உதிரும். விதைக்குப் பறக்கும் முடி கிடையாது. தண்ணீர் ஓடும் வழியோடு ஓடி ஒதுங்குகிறது. அதனால்தான் வடிகாலிலும் மலேசியாவின் பினாங்கு மாநிலப் பெருநிலப் பகுதியான செபராங் பிறையின் வயல் வரப்பிலும் இதைப் பார்க்கிறோம்.

அடையாளத்துக்குப் பூவை மட்டும் நம்பாதீர்கள். செம்மை படர்ந்த தண்டு, எதிரெதிரே காம்பில்லாமல் அமர்ந்த ஒடுங்கிய இலை, தடவினால் சொரசொரப்பு. இலையைக் கசக்கிச் சற்று நேரம் விடுங்கள், பச்சைச் சாறு கறுக்கும். திடலின் காய்ந்த மேட்டில் நீண்ட காம்பின் நுனியில் நிற்பது இதுவல்ல, மூக்குத்திப்பூ என்ற வேறு செடி. அதன் வெளியிதழ்கள் அகலமானவை, பெரும்பாலும் ஐந்துதான். விதை பஞ்சோடு பறக்கும்.

கரிசாலை என்பதும் கரிசலாங்கண்ணியின் பெயர்தான்; மஞ்சள் பூப் பூக்கும் மஞ்சள் கரிசாலையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பினாங்குச் சாலைச் சரிவுகளில் அழகுக்காக நட்டிருக்கும் மஞ்சள் படர்கொடி வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த வேறு செடி. அதன் இலை பளபளத்து, பக்கத்துக்கு ஒரு மடலாக மூன்றாகப் பிரியும். உண்மையான மஞ்சள் கரிசாலையின் இலை நீண்டு ஒடுங்கியது, மடல் பிரியாது. பெயரில் மயங்கி அந்தக் கொடியைச் சமையலறைக்குக் கொண்டுபோக வேண்டாம்.

வள்ளலார் இராமலிங்க அடிகள் (1823–1874) உயர்வாகச் சொன்ன மூலிகை கரிசலாங்கண்ணி; நம் வீடுகளிலோ தலைக்கு எண்ணெய் காய்ச்சத்தான் அதிகம் தேடுவார்கள். வேரை நீக்கி, மண் போக நாலைந்து தண்ணீரில் அலசி, நீரை நன்றாக வடியவிட்டு அரையுங்கள். அரைக்கத் தண்ணீர் தெளித்தால் போதும். ஊற்றினால் அத்தனையும் அடுப்பில் வற்ற வேண்டும். பிழிந்த சாறு அரை லிட்டர், தேங்காயெண்ணெய் அரை லிட்டர். அடி கனத்த அகலச் சட்டி, சிறு தீ. முதலில் தெறிக்கும், பிறகு சலசலப்பு அடங்கும். அடியில் படியும் கசடு பிடித்துக்கொண்டால் கருகி எண்ணெய் முழுதும் தீய்ந்த வாடை ஏறும், ஆகவே துடுப்பால் கிளறுவதை நிறுத்தவே கூடாது. கசடை எடுத்து விரலில் உருட்டினால் மெழுகாகத் திரள வேண்டும். அதைத் திரியில் தடவிக் கொளுத்துங்கள்: படபடவென்று வெடித்தால் ஈரம் மிச்சம், அமைதியாக எரிந்தால் இறக்கலாம். ஈரம் நின்ற எண்ணெய் நம் ஊர்ப் புழுக்கத்தில் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். வடிகட்டும் துணியும் புட்டியும் துளி ஈரமில்லாமல் காய்ந்திருக்கட்டும்.

பறிக்கும் இடம் முக்கியம். சாக்கடை நீரின் அழுக்கையும் உலோகத்தையும் செடி உறிஞ்சிக்கொள்ளும்; சாலையோரத்தில் களைக்கொல்லி அடிப்பார்கள். கழுவினாலும் உள்ளே போனது வராது. கீரையாகச் சமைப்பதானால் தொட்டியில் வளர்ப்பதே சரி. விதையை ஈர மண்ணின் மேல் தூவி லேசாக அழுத்துங்கள். மண்ணால் மூடினால் முளைக்காது, அதற்கு வெளிச்சம் வேண்டும். தண்டு மண்ணைத் தொடும் கணுவிலெல்லாம் வேர்விடும் என்பதால் துண்டு நட்டாலும் பிழைக்கும். வெளிநாட்டிலிருப்போர் ஊரிலிருந்து விதையைப் பையில் போட்டுக்கொண்டு போகாதீர்கள். ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் விமான நிலையத்திலேயே அறிவிக்க வேண்டும், இல்லையேல் அபராதம். அங்குள்ள நாற்றங்காலில் கேட்டு வாங்கி, குளிர்காலத்தில் தொட்டியை வீட்டுக்குள் வெயில் படும் சன்னலோரம் வையுங்கள்; உறைபனியை இது தாங்காது.