சனிக்கிழமை வகுப்புக்கு ஒரு விண்ணப்பம்

கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சயின்ஸ் ஹானர்ஸ் புரோகிராமுக்கு மகளின் விண்ணப்பத்தை நேற்று இரவு ஒருவழியாக அனுப்பிவிட்டோம். ரஷ்யர்களின் ஸ்புட்னிக் செயற்கைக்கோள் பறந்ததற்கு மறுவருடம், 1958இல் தொடங்கியது இது. உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை காலை இரண்டரை மணி நேர வகுப்பு, பள்ளியில் எட்டிக்கூடப் பார்க்காத துகள் இயற்பியல் மாதிரி விஷயங்களை ஆராய்ச்சி செய்பவர்களே வந்து சொல்லித் தருகிறார்கள். நியூயார்க் நகரிலிருந்து 75 மைலுக்குள் இருப்பவர்கள்தான் விண்ணப்பிக்கலாம், நாங்கள் இருக்கும் நியூ ஜெர்சியின் எடிசன் ஊரிலிருந்து ரயிலிலேயே போய்விடலாம்.

நுழைவுத் தேர்வு உண்டு. ஆனால் அவளுக்குத் தேர்வைவிடப் பெரிய மலை, ஆசிரியரிடம் போய்ப் பரிந்துரை கேட்பது. வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை, மூன்று நாள் கதவு வரை போய்த் திரும்பி வந்தாள், நான்காம் நாள் கேட்டுவிட்டாள், அவரும் உடனே சரி என்று சொல்லிவிட்டார். அன்று மாலை அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

இடம் கிடைப்பது கஷ்டம், தெரியும். கோச்சிங் எதற்கும் அனுப்பவில்லை, அது என் முடிவு. ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். அப்புறம், பரிந்துரையை மட்டும் கடைசி வாரம்வரை தள்ளிப்போடாதீர்கள்.