எந்தத் தண்ணீர்?

நம் பள்ளிப் பழைய மாணவர் மலருக்கு எழுதித் தரச்சொல்லி செயலாளர் மூன்று தடவை வாட்ஸ்அப் அனுப்பிவிட்டார். ஆண்டுவிழா, கபடி, டீக்கடை வர்க்கி எல்லாவற்றையும் மற்றவர்கள் எழுதிவிடுவார்கள். நான் எழுதப்போவது ஒரு பொய்யைப் பற்றி. 1989-இல் பதினொன்றாம் வகுப்பில் நான் சொன்னது.

விலங்கியல் சாரை மறந்திருக்க மாட்டீர்கள். பேர் போட்டால் கோபித்துக்கொள்வார், விட்டுவிடுகிறேன். பேண்ட்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு நம் கோத்தகிரி லாங்வுட் சோலைக்குக் கீழே இருந்த குளத்துக்கு இறங்கிப்போவார். திரும்பும்போது கையில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், காலில் இரண்டு மூன்று அட்டைகள். பாட்டிலில் குளத்துத் தண்ணீரும் பாசியும் இருக்கும். அதை ஜன்னலோரம் வைத்துவிட்டு, "மத்தியானம் வரைக்கும் யாரும் தொடக்கூடாது" என்பார்.

மத்தியானம் போய்ப் பார்த்தால் கண்ணாடியின் உள்பக்கம் நூல் பிசிறு மாதிரி ஐந்தாறு தொங்கிக்கொண்டிருந்தன. சார் ஒரு ஈர்க்குச்சியால் ஒன்றைத் தொட்டார். பிசிறு சட்டென்று சுருங்கி ஒரு புள்ளியானது. கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக நீண்டது, நுனியில் ஆறு கைகள் விரிந்தன. "இதுதான் ஹைட்ரா. புஸ்தகத்துல பக்கம் முழுக்கப் படம் போட்டிருக்கான், நிஜத்துல இவ்வளவுதான்."

குழியுடலிகள் பாடம் அது. ஜெல்லி மீனும் ஹைட்ராவும் சொந்தக்காரர்கள் என்று சார் சொன்னதை அன்று சாயங்காலம் லயத்தில் அப்பாயியிடம் சொன்னேன். அப்பாயி 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின் பேரில் இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தவர். மண்டபம் முகாமில் இருந்த நாட்களில் கரையில் ஒதுங்கிக் கிடந்த ஒன்றை நுங்கு என்று நினைத்துத் தொட்டு, இரண்டு நாள் கை எரிந்த கதை எங்கள் வீட்டில் பிரசித்தம். "சொறிமுட்டையா? அது உப்புத் தண்ணியில கெடக்குறது. இது குளத்துல கெடக்குறது. எப்படிடி சொந்தமாகும்?" என்றார். மறுநாள் சாரிடம் கேட்டேன். நல்ல தண்ணீரிலேயே ஜெல்லி மீன் உண்டு என்றார். மேற்குத் தொடர்ச்சி மலையில் கிருஷ்ணாவின் துணையாறுகளில் இருப்பதை ஆனண்டேல் என்ற விலங்கியலாளர் எழுதிவைத்திருக்கிறாராம். 1916-இல் இந்திய விலங்கியல் ஆய்வகம் தொடங்கியபோது அதன் முதல் இயக்குநர் அவர்தான். அதன் பிறகு ஊட்டிக்குச் சுற்றுலா போனபோது நாங்கள் நாலு பேர் படகில் ஏறாமல் ஏரித் தண்ணீரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றும் கிடைக்கவில்லை, திட்டுதான் கிடைத்தது.

அப்புறம் அந்த வெட்டு. சார் பாதி பிளேடால் ஒரு ஹைட்ராவை இரண்டாக வெட்டி, இரண்டு துண்டுகளையும் தனித்தனிக் கண்ணாடிக் கிண்ணத்தில் விட்டார். 1740-இல் ஹாலந்தில் ஆபிரகாம் டிரெம்ப்ளே செய்தது இது. "அவரும் வாத்தியார்தான், ஒரு பிரபு வீட்டுல ரெண்டு பையன்களுக்கு. இது செடியா பிராணியான்னு பார்க்கத்தான் வெட்டினார்." மூன்றாம் நாள் லென்ஸில் பார்த்தோம். கவாத்து வெட்டிய தேயிலைச் செடியில் துளிர் முட்டுமே, அதுபோல வால் துண்டின் மேல்விளிம்பில் நாலைந்து முட்டுகள் வந்திருந்தன. அந்த வாரக் கடைசிக்குள் இரண்டு துண்டும் இரண்டு முழு ஹைட்ரா.

பாட்டிலுக்கு இரண்டு நாளைக்கு ஒரு முறை குளத்துத் தண்ணீர் மாற்ற வேண்டும். ஆளுக்கு ஒரு முறை. என் முறை ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. ஐப்பசி அடைமழை, பாதை முழுக்க அட்டை. நான் வராந்தாவில் இருந்த பித்தளைக் குழாயைத் திறந்து பாட்டிலை நிரப்பிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் வாடை அடித்தது. அதனால் என்ன என்று நினைத்தேன். திங்கட்கிழமை பாட்டிலின் அடியில் வெள்ளையாய்க் கொஞ்சம் தூள் இருந்தது, அவ்வளவுதான். "குளிர்ல செத்துப்போச்சு சார்" என்றேன். சார் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "இதுக்குக் குளிர் பிடிக்குமேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கழுவப் போய்விட்டார்.

கல்யாணமாகி ஜெர்மனிக்கு வந்து, மொழி படித்து, சுற்றிச் சுற்றிக் கடைசியில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் டெக்னீஷியன் ஆனேன். வேலை என்ன தெரியுமா? ஹைட்ரா வளர்ப்பது. முதல் நாள் சொல்லித் தந்த முதல் விதி: குழாய்த் தண்ணீர் ஒரு சொட்டுகூடக் கூடாது. குளோரின் ஆகாது, செம்பு துளி இருந்தாலும் தாங்காது. எனக்கு அந்தப் பித்தளைக் குழாய் ஞாபகம் வந்தது. அறையின் வெப்பநிலை எப்போதும் 18 டிகிரி. கோத்தகிரியேதான்.

காலையில் ஆர்டீமியா குஞ்சுகளைப் பொரிக்க வைப்பேன். உப்புத் தண்ணீரில் ஆரஞ்சு நிறத்தில் துள்ளும் பொடி இறால் அது. நன்றாக அலசி, ஹைட்ரா மேல் சொட்டாக விட வேண்டும். குஞ்சு ஹைட்ராவின் கையில் பட்ட நொடியே விறைத்து நின்றுவிடும். அந்தக் கையில் இருக்கும் கொட்டும் செல்லுக்குள் சுருண்டிருக்கும் ஊசி பாய 700 நானோ நொடிதான் ஆகிறது என்று 2006-இல் அளந்திருக்கிறார்கள். அப்பாயியின் கையைப் பதம் பார்த்ததும் இதே வகை ஊசிதான். கொஞ்ச நேரத்தில் ஹைட்ராவின் வயிறு ஆரஞ்சாகப் புடைக்கும். சில மணி நேரம் கழித்துச் சக்கையை அதே வாய் வழியாகத் துப்பும். வேறு வழி அதற்குக் கிடையாது. உடனே தண்ணீரை மாற்றியாக வேண்டும். 4 ஆண்டுகள் வைத்துப் பார்த்தும் இதற்கு மூப்பின் அடையாளமே தெரியவில்லை என்று 1998-இல் ஒரு ஆய்வு வந்தது. மூப்பே இல்லாததை ஒரே சனி, ஞாயிறில் முடித்துவைத்தவள் நான்.

தண்ணீர் என்றதும் இன்னொருவர் கதை. ஜப்பான்காரர் ஒசாமு ஷிமோமுரா 1961-இல் அமெரிக்காவின் ஃப்ரைடே ஹார்பரில் ஒளிரும் ஜெல்லி மீன்களைப் பிடித்து, விளிம்பை வெட்டிப் பிழிந்து, ஒளி தரும் பொருளைப் பிரித்தெடுக்கப் போராடிக்கொண்டிருந்தார். சரிவரவில்லை என்று ஒரு நாள் சாற்றைக் கழுவுதொட்டியில் கொட்டினார். தொட்டி நீலமாகப் பளிச்சிட்டது. மீன் தொட்டிகளிலிருந்து வழிந்த கடல்நீர் அதில் விழுந்துகொண்டிருந்தது. அந்த நீரில் இருந்த கால்சியம்தான் காரணம். கூடவே கிடைத்த, பச்சையாக ஒளிரும் புரதம் 2008-இல் அவருக்கு நோபல் பரிசைப் பங்கு வாங்கித் தந்தது. அந்தப் பச்சையை வைத்துத்தான் 2017-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உயிரோடு இருக்கும் ஹைட்ராவின் நரம்பு செல்கள் அத்தனையும் மின்னுவதைப் படமெடுத்தார்கள். அந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

2018-இல் ஊருக்குப் போனபோது சாரைப் பார்த்தேன். மங்கி குல்லாவும் கம்பளியுமாகத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். காபி வந்தது. என் வேலையைச் சொன்னேன். பிறகு அந்தக் குழாயைப் பற்றியும் சொல்லிவிட்டேன்.

"பாட்டிலைத் திறந்தப்பவே வாடை அடிச்சுதே" என்றார்.

"ஏன் சார் ஒண்ணுமே சொல்லல?"

அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. "சரி, அங்கே குளமும் இல்ல, குழாயும் ஆகாது. எந்தத் தண்ணிதான் ஊத்துறீங்க?" என்று கேட்டுவிட்டுக் கரண்ட் பில் அட்டையைத் திருப்பிப் பேனாவைத் திறந்தார். காய்ச்சி வடித்த தண்ணீர், கால்சியம் குளோரைடு, சோடியம் பைகார்பனேட் என்று நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே வந்தவர், "மெதுவா சொல்லும்மா" என்றார்.